ஏழாம் நாள் வேலை இல்லை

ரப்பர் தோட்டத்து மேனேஜரான துரை, எங்கள் வேதக்கோயில் வாசலில் ஜீப்பை நிறுத்தி இறங்கினார். அவர் கையில் ஒரு காகிதம் இருந்தது. அதை எழுதியவள் நான். அடியில் கையெழுத்துப் போட்டிருந்தவர் சந்தியாகு மாஸ்டர். அதில் இருந்த விஷயமோ கடவுள் உலகத்தைப் படைத்தது பற்றியது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை அப்போதுதான் முடிந்திருந்தது. இரண்டு வார மழைக்குப் பிறகு அன்றுதான் வெயில். ஈரச் சேலைகளிலிருந்து ஆவி கிளம்பியது. சாம்பிராணிப் புகைக்கும் அடியில், தோட்டத்தில் எங்கே நின்றாலும் வரும் புளித்த ரப்பர் பால் வாடை.

துரை புத்த சமயத்தவர். நத்தார் என்கிற கிறிஸ்துமஸுக்கு வந்து ஒரு துண்டு கேக் சாப்பிட்டுப் போவதோடு எங்கள் கோயிலுக்கும் அவருக்கும் உள்ள உறவு முடிந்தது. அதனால் ஜீப்பைக் கண்டதும் ஹார்மோனியம்கூட நின்றுவிட்டது.

“மேக கவுத லிவ்வே?” என்றார். யார் எழுதியது என்று கேட்கிறார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நாற்பது பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நாற்பத்தோராவது ஆள், சகாயமேரி, திரும்பவில்லை. பதினான்கு வயதுப் பெண். உலகம் ஆறு நாளில்தான் உண்டானது என்று அந்த நிமிடம் அவள் எல்லோர் முன்னும் சொல்லியாக வேண்டும். சொன்னால் அவளுக்கு ஆயர் கையால் உறுதிப்பூசுதல் என்ற திருச்சடங்கு உண்டு. சொல்லாவிட்டால் இல்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

பாலும் தண்ணீரும்

போன வாரம் ரப்பர் தாள் உலர்த்தும் புகைவீட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, “உங்கள் தோட்டத்தில் ரப்பரைத் தவிர எதுவுமே இல்லையா?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இருந்தது. கடவுளும் இருந்தார், மாதம் இரண்டு ஞாயிறு. ஃபாதர் கேகாலையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் நாட்களில்.

சமாதானப் பேச்சு வானொலியில் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. கேகாலையில் இரண்டு வருடம் ஆய்வுகூட வேலை படித்துவிட்டு, பிறந்த தோட்டத்துக்கே திரும்பி, ரப்பர் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வாளியில் வரும் பாலில் எத்தனை வீதம் ரப்பர், எத்தனை வீதம் தண்ணீர் என்று பார்ப்பது என் வேலை. தண்ணீர் கலந்ததாக ஒருவரும் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. மழை என்பார்கள். வெயில் காலத்திலும் மழை என்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பும் எடுத்தேன். அதற்குத் தேவைப்பட்ட தகுதிகள் மூன்று: எழுதப் படிக்கத் தெரிய வேண்டும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, முடியாது என்று சொல்லத் தெரியக் கூடாது. என்னிடம் மூன்றும் இருந்தன.

படைப்புக் கதை நடத்திய அன்று சகாயமேரி கையைத் தூக்கினாள்.

“டீச்சர், சூரியன் நாலாம் நாளுதான வருது. அப்ப மொத மூணு நாளும் எப்பிடி விடிஞ்சிச்சு?”

“அடுத்த கிழமை சொல்றேன்,” என்றேன். ஆசிரியர் வேலையில் நான் முதலில் கற்றது அந்த வாக்கியம்தான்.

வீட்டுக்குப் போய்த் தாளில் கோடு போட்டுப் பார்த்தேன். கோடு போடாமல் எனக்கு எதுவும் விளங்காது. ஒரு பக்கம் பைபிளின் தொடக்க நூலில் முதல் அதிகாரம், மறுபக்கம் இரண்டாவது. முதலாவதில் மரம், மிருகம் எல்லாம் வந்த பிறகு கடைசியில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே வருகிறார்கள். இரண்டாவதில் முதலில் ஆண் வருகிறான். பிறகு மரம், பிறகு மிருகம், எல்லாவற்றுக்கும் பிறகு பெண். இரண்டு வரிசையும் பொருந்தவில்லை. ஸ்டோரில் ஒரே வாளிப் பாலுக்கு இரண்டு அளவு வந்தால் கருவியைக் கழுவிவிட்டுத் திரும்பவும் பார்ப்போம். வேதத்தைக் கழுவ முடியாது. கேகாலைக்கு பஸ் ஏறினேன்.

ரோமாபுரிக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது

ஃபாதர் நீர்கொழும்புப் பக்கத்து இளைஞர். அவர் தமிழில் பாதி சிங்களம், மீதியில் பாதி ‘தானே’. என் தாளைப் பார்த்துச் சிரித்தார்.

“இது செமினரியில முதல் வருஷம் படிக்கிறதுதானே.”

“அப்ப ஏன் ஃபாதர் எங்களுக்கு யாரும் சொல்லல?”

“நீங்க கேக்க இல்லைதானே.”

அலுமாரியிலிருந்து பழுப்பேறிய தட்டச்சுக் குறிப்புகளை எடுத்துத் தந்தார். ஒரு கிழமை உட்கார்ந்து வாசித்தேன். எனக்கு விளங்கிய வரையில் விஷயம் இதுதான்.

ஆறு நாள் என்றால் ஆறு தரம் இருபத்துநான்கு மணித்தியாலம் என்று நம்பியே ஆக வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபை கட்டாயப்படுத்தவில்லை. ஆயிரத்து அறுநூறு வருடங்களுக்கு முன்பே ஆப்பிரிக்காவில் ஓர் ஆயர், இவை நாம் பார்க்கும் சூரிய நாட்களாக இருக்க முடியாது என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவரைப் புனிதராக்கி மாலை போட்டிருக்கிறோம். அவர் எழுதியதைத்தான் வாசிக்கவில்லை. இன்று சபை சொல்வது: முதலில் அது என்ன வகை எழுத்து என்று பார். செய்தியா, சட்டமா, பாட்டா? முதல் அதிகாரம் கிட்டத்தட்ட ஒரு பாட்டு. ஒவ்வொரு நாள் முடிவிலும் ஒரே அடி பல்லவிபோலத் திரும்பி வருகிறது. யார் படைத்தார், படைத்தது நல்லதா, மனிதன் யார், ஓய்வு எதற்கு என்பதைத்தான் அது சொல்ல வருகிறது. எத்தனை மணிக்கு என்பதை அல்ல. இரண்டு அதிகாரமும் முட்டிக்கொள்வதைப் பார்த்துப் பயப்படவும் தேவையில்லை. தொகுத்தவர்களுக்கும் கண் இருந்தது. தெரிந்தேதான் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள்.

பரிணாமத்தைப் பற்றியும் ஒரு பக்கம் இருந்தது. உடல் எப்படி உருவானது என்று விஞ்ஞானம் ஆராயட்டும், ஆன்மாவைக் கடவுள் நேரே தருகிறார், அதை மட்டும் விட்டுக்கொடுக்காதே என்று. குரங்கைக் கண்டு நாங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. எங்களைக் கண்டு அது வெட்கப்பட்டால் அது வேறு கதை.

இதையெல்லாம் பிள்ளைகளுக்கு அப்படியே சொன்னேன். என் தவறு அதுதான். வருடாந்த மறைக்கல்விப் பரீட்சைத் தாள்களைத் திருத்துகிறவர் யார் என்பதை மறந்துவிட்டேன்.

வந்தான், அல்லது வரவில்லை

சந்தியாகு மாஸ்டர் எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, எங்கள் கோயில் உபதேசியார். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை மணி அடிப்பார், ஹார்மோனியம் வாசிப்பார், பரீட்சைத் தாள் திருத்துவார். கோயில் சாவியும் அவர் இடுப்பில்தான்.

‘ஆண்டவர் உலகத்தை எத்தனை நாளில் படைத்தார்?’ என்பது கேள்வி. சகாயமேரி எழுதியிருந்தாள்: ‘ஆறு நாள் என்று இருக்கிறது. ஆனால் இது நாள் கணக்குப் பார்க்க எழுதியது இல்லை. யார் படைத்தார் என்று சொல்ல எழுதியது.’

மாஸ்டர் சிவப்பு மையில் பெரிய முட்டை போட்டு, பக்கத்தில் ‘விசுவாசம் இல்லை’ என்று எழுதிவிட்டார். முட்டையோடு போயிருந்தால் பரவாயில்லை. உறுதிப்பூசுதலுக்கு ஆயருக்கு அனுப்பும் பட்டியலிலிருந்தும் அவள் பேரை எடுத்துவிட்டார்.

ஆயர் எங்கள் பக்கம் நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார். தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்பதாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்கக் கேகாலையில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் சகாயத்துக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. வரும்போது உறுதிப்பூசுதல் பத்திரமும் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான்கு வருடம் கழித்துப் பத்திரம் கிடைத்தால் அதைக் கொழும்பில் ஏதோ ஒரு வீட்டுச் சமையலறையில் வைத்துத்தான் அவள் வாசிப்பாள்.

அவள் அம்மா பிலோமினா அக்கா, பால் வெட்டுகிறவர், ஸ்டோர் வாசலில் வாளியை வைத்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன் டீச்சர், நீங்கதான எதையோ சொல்லிக் குடுத்தீங்க? நீங்களே இத சரி பண்ணி விடுங்க. இந்தக் கழுதை ஆறு நாளுன்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிரும். சொல்ல மாட்டேங்குது.”

“எழுதுனது எழுதுனதுதான்,” என்றாள் பின்னால் நின்ற கழுதை.

அன்று மாலையே மாஸ்டரிடம் போனேன்.

“சொல்லிக் குடுத்தது நான் மாஸ்டர். என்னை ஏசுங்க. புள்ளையோட பேரப் போடுங்க.”

“ஒன்னையும் ஏசத்தான் போறேன். வரிசைல வா.”

“ஃபாதரே இப்பிடித்தான் சொல்றாரு.”

“ஃபாதர் மாசம் ரெண்டு ஞாயித்துக்கெழம வாறாரு. பெரட்டு எடுக்குறது நான். வேலைக்கு வந்தவனப் பாத்து, வந்தாப்புல இருக்கு, வந்ததுக்கு அர்த்தம் வேறன்னு எழுதுறேனா? வந்தான், இல்ல வரல. ஆறு நாளுன்னா ஆறு நாளு. சர்வேசுரனுக்கு எண்ணத் தெரியாதா?”

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அவர் இடுப்பில் சாவி இருந்தது.

கடைசியில் ஒரு நிபந்தனைக்கு இறங்கினார். எந்த நாளில் என்ன நடந்தது என்று நான் அட்டவணையாக எழுத வேண்டும். பிள்ளைகள் தினமும் பள்ளிக்கூடம் போகும் வழியில் பார்க்கும்படி அதை ஒட்ட வேண்டும். ஃபாதர் வரும் ஞாயிறு, பூசை முடிந்து பட்டியலை மூடுவதற்கு முன், சகாயமேரி எல்லோர் முன்னும் அதை வாசித்து, ‘இப்படியேதான் நடந்தது’ என்று சொல்ல வேண்டும். சொன்னால் பேர் உண்டு.

ஸ்டோர் தாளில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு, ‘முதல் நாள் வெளிச்சம்’ தொடங்கி ‘ஏழாம் நாள் வேலை இல்லை’ வரை அழகாக எழுதினேன். தலைப்பில், ‘இது வேதத்தில் உள்ள பாட்டு, கால அட்டவணை அல்ல’ என்று ஒரு வரி சேர்த்தேன். மாஸ்டர் வாசித்தார். கத்தரிக்கோலைக் கேட்டார். அந்த வரியை மட்டும் நேராக வெட்டி எடுத்தார்.

“உள்ளது உள்ளபடி இருக்கட்டும். வெளக்கம் வேணாம்.”

கோயில் கூரை ஒழுகியதால் அட்டவணையைத் திங்கள் விடியுமுன், வேலை அறிவிப்புகள் ஏறும் பெரட்டுக் களத்துப் பலகையில், கம்பி வலைக்குள் ஒட்டினார். அந்தப் பலகையில் எது ஏறினாலும் அடியில் கையெழுத்துப் போடுவது அவர் வழக்கம். இதற்கும் போட்டார்.

பீலியடி வியாக்கியானம்

அந்தக் கிழமையும் மழை விடவில்லை. மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. பால் சிரட்டைக்குப் போகாமல் பட்டை முழுக்க வழிந்துவிடும். இரண்டு வாரப் பால் போய்விட்டது. சனிக்கிழமை மத்தியானம் வானம் வெளுத்ததும், ஞாயிறும் வேலை என்று துரை சொல்லிவிட்டார். கங்காணிமார் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய்ச் சத்தம் போட்டுச் சொன்னார்கள். யாருக்கும் பிடிக்கவில்லை.

மாலையில் தண்ணீர் பிடிக்க, ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்குப் போனேன். ராசம்மா அக்கா சேலையைக் கல்லில் அடித்துத் தப்பிக்கொண்டிருந்தார்.

“என்னா டீச்சரு, நாளைக்கு வேலை இல்லையாமே?”

“யாருக்கா சொன்னா? இருக்குன்னுதான சொல்லிட்டுப் போனாங்க.”

“வாயால சொன்னாங்க. பலகையில எழுத்துல இருக்கே. ஏழாம் நாளு வேலை இல்ல.”

“ஐயோ அக்கா, அது பைபிள்ல உள்ள கதை. சாமி ஒலகத்தப் படைச்சது.”

“கதைக்கு எதுக்குக் கணக்கப்பிள்ளை கையெழுத்துப் போடுறாரு?”

பக்கத்தில் குடம் கழுவிய செல்லம்மா நிமிர்ந்தார். “திங்கக்கெழம மொத நாளு, வெளிச்சம்னு போட்டிருந்திச்சு. அன்னைக்குத்தான லயத்துக்குக் கரண்டு திரும்பி வந்திச்சு?”

“ரெண்டாம் நாளு மேல தண்ணி, கீழ தண்ணி. அது எழுதித்தான் தெரியணுமா? எங்க வீட்டுக் கூரையப் பாத்தாப் போதும்,” என்றார் ராசம்மா அக்கா.

“மூணாம் நாளு புல்லு. புல்லு வெட்டத்தான் அனுப்புனாங்க. அஞ்சாம் நாளு மீனு. சங்கக் கடையில கருவாடு வந்திச்சா இல்லியா?”

“நாலாம் நாளு சூரியன்னு இருக்கே, வந்துச்சா?” என்று கேட்டேன்.

“பத்து மணிக்கு எட்டிப் பாத்துட்டுப் போச்சே, நீங்க ஸ்டோருக்குள்ள இருந்தா எப்பிடித் தெரியும்? ஆறாம் நாளு ஆளு. இன்னைக்கு வீடு வீடா வந்து ஆள் கணக்கு எடுத்தாச்சு. ஆறும் சரியா வந்திருக்கு. ஏழாவது மட்டும் பொய்யாப் போயிருமா?”

வேதப்படி ஏழாம் நாள் சனிக்கிழமை. தோட்டத்தில் கிழமை திங்களில் தொடங்கும். தோட்டம் வென்றது.

கதை என்று நான் ஒருமுறை சொன்னேன். இரண்டாம் முறை சொல்லவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். இதைப் பிற்பாடு பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். ஃபாதர் சிரிப்பை அடக்க நேரம் எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு விடிந்தபோது பெரட்டுக் களத்தில் மாஸ்டரும் ஒரு நாயும்தான் நின்றார்கள். மாஸ்டர் முறை தவறாதவர். எல்லாப் பேரையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே ‘வரவில்லை’ என்று எழுதினார். பிறகு துரைக்குச் சொல்லியனுப்பிவிட்டு மணி அடிக்கக் கோயிலுக்கு வந்தார். ஏன் வரவில்லை என்பது அவருக்குத் தெரியாது. துரைக்குக் கந்தோர் கிளார்க், ஆபீஸில் எழுத்து வேலை பார்ப்பவர், பலகையை வாசித்துக் காட்டியிருக்கிறார்.

அது நோட்டீஸ் இல்லை சார்

அப்படித்தான், சகாயமேரி ‘இப்படியேதான் நடந்தது’ என்று சொல்ல வேண்டிய அந்த நிமிடத்தில் ஜீப் வந்து நின்றது.

“நான்தான் எழுதினேன் சார்,” என்றேன்.

“கையெழுத்து?”

மாஸ்டர் முன்னால் வந்தார். எல்லாம் சிங்களத்தில் நடந்தது. எங்களில் விளங்காதவர் யாரும் இல்லை.

“என்னோடதுதான் சார்.”

“ஏழாம் நாள் வேலை இல்லைன்னு போட்டிருக்கு. ரெண்டு வாரம் கழிச்சு இன்னைக்குத்தான் மரம் காஞ்சிருக்கு. ஒரு ஆள் இல்லை. நான் வேலைன்னு சொல்றேன், நீங்க இல்லைன்னு நோட்டீஸ் போடுறீங்க?”

“இது நோட்டீஸ் இல்லை சார். வேதத்துல உள்ளது. சாமி ஏழாம் நாள் ஓய்வெடுத்தார்.”

“அதை ஏன் பெரட்டுப் பலகையில போட்டீங்க? அதுல போட்டா வேலைக்குத்தானே அர்த்தம்? முதல் நாள் வெளிச்சம்னு இருக்கு. என் பங்களாவுல இன்னும் கரண்ட் இல்லை. அதையும் உங்ககிட்டக் கேக்கவா?”

பின்வரிசையில் யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள்.

மாஸ்டருக்கு வேர்த்துவிட்டது. “சார், இதை அப்படிச் சொல்லுக்குச் சொல் எடுக்கக் கூடாது. யாருக்கு எழுதினது, எதுக்கு எழுதினதுன்னு பாக்கணும். இது நாள் கணக்குப் பாக்க எழுதினது இல்லை சார். யார் படைச்சதுன்னு சொல்ல…”

நிறுத்திவிட்டார்.

மீதியை அவர் சகாயமேரியின் பரீட்சைத் தாளில் வாசித்திருந்தார். சிவப்பு மை இன்னும் அவர் விரலில்கூட இருந்திருக்கும். ஃபாதர் குனிந்து தன் சப்பாத்தைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். சகாயமேரி மட்டும் மாஸ்டரையே பார்த்தாள். அவள் முகத்தில் வெற்றி இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அவர் எப்படி முடிக்கப் போகிறார் என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் இருந்தது.

“…சொல்ல எழுதினது,” என்று முடித்தார் மாஸ்டர்.

துரை காகிதத்தை மறுபடி பார்த்தார். இந்த முறை கோபமில்லாமல் கேட்டார். “அப்போ உண்மையில எத்தனை நாள்?”

மாஸ்டரின் கை இடுப்புச் சாவிக்குப் போனது. இருபது வருடத்துக்கு மேல் எல்லாக் கேள்விக்கும் உண்டு, இல்லை என்று பதில் சொன்ன மனிதர்.

“தெரியாது சார்.”

“நாளைக்கு எல்லாரும் வரணும். எழுத்துல போடுங்க,” என்று சொல்லிவிட்டு, காகிதத்தை அவர் கையில் கொடுத்து, துரை ஜீப்பில் ஏறினார்.

ஜீப் சத்தம் வளைவைத் தாண்டிப் போனது. சகாயமேரிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

“மாஸ்டர், இப்ப நான் வாசிக்கணுமா?”

“வாய மூடு,” என்றார் மாஸ்டர், தமிழுக்குத் திரும்பி.

ஃபாதர் மெதுவாகப் பட்டியல் எழுதும் கொப்பியைத் திறந்தார். “மாஸ்டர், லிஸ்ட் இன்னைக்கு முடிக்கணும்தானே. ஆயர் ஆண்டகைக்கு அனுப்பணும். பதினொரு பேர் இருக்கு.”

“பன்னெண்டு.”

“பதினொண்ணுதானே நீங்க தந்தது?”

“பன்னெண்டு ஃபாதர். எழுதுங்க. சகாயமேரி. அப்பா பேரு அருளானந்தம், அம்மா பேரு பிலோமினா.” ஒவ்வொரு பேரையும் பெரட்டில் கூப்பிடும் அதே குரலில் சொன்னார்.

பிலோமினா அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாஸ்டர் அவர் பக்கம் திரும்பினார், முகத்தைப் பார்க்காமல்.

“உறுதிப்பூசுதலுக்குச் சட்டை தைக்க வெள்ளத் துணி எடுத்தாச்சா?”

“இல்லீங்க மாஸ்டர். பேரு இல்லையேன்னு…”

“மாவனல்லைல முஸ்லிம் நானாமாரு கடை ஞாயித்துக்கெழமயும் தெறந்திருக்கும். பதினோரு மணி பஸ்ஸு இன்னும் போகல. இங்க நின்னு என்னா பாக்குற?”

முக்காட்டைக்கூட எடுக்காமல் பிலோமினா அக்கா றோட்டுக்கு ஓடினார். பின்னால் சகாயமேரி, சேற்றில் வழுக்காமலிருக்கச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.